கோதுமை நுழைந்த வழி: மெக்சிகோவும் மைசூரும்

மைசூரில் மெக்சிக உணவகம் ஒன்றில் அமரும் சீலியாக் நோயாளி முதலில் கேட்க வேண்டியது, டார்ட்டியா எந்த மாவினால் ஆனது என்பதே. இவ்வினாவின் பின்னே ஐந்து நூற்றாண்டு வரலாறு உண்டு.

மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, அரைத்துச் சுட்ட டார்ட்டியாவே மெக்சிகோவின் தொல்லுணவு; அதில் குளூட்டன் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கோதுமையைக் கொணர்ந்தனர். திருப்பலி அப்பம் கோதுமையால் ஆனதாகவே இருத்தல் வேண்டும் என்ற திருச்சபை விதியும் அப்பயிருக்குத் துணைநின்றது. பின்னர் மெக்சிகோவின் வடபகுதியில் கோதுமை டார்ட்டியா வேரூன்றியது.

பழைய மைசூர் உழவரின் கேழ்வரகுக் களியும், அதாவது கன்னடர் கூறும் 'முத்தெ'யும், இயல்பாகவே குளூட்டன் அற்றது. ஆயினும் அதனுடன் பரிமாறப்படும் சாற்றில் சேரும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பது வழக்கம்.

சீலியாக் நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பை நெதர்லாந்து மருத்துவர் வில்லெம் டிக்கெ 1950இல் தம் ஆய்வேட்டில் விளக்கினார். இன்று இந்திய விதிப்படி, 'குளூட்டன் அற்றது' எனக் குறிக்கப்படும் உணவில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருத்தல் கூடாது.

ஆகவே, ஓர் உணவின் தொன்மை மட்டுமே நோயாளிக்குக் காப்பு ஆகாது. கோதுமை எவ்வழியே அவ்வுணவில் நுழைந்தது என்ற அறிவே காப்பு.