சென்னைக்கு வந்த கப்பலும் அதன் உக்கிராணமும்

கல்யாண வீட்டில் மணமேடையைக் காட்டிலும் உக்கிராண அறையே முக்கியமான இடம் என்பதை நம் இல்லத்துப் பெரியவர்கள் நன்கறிவர். அரிசி எத்தனை மூட்டை, புளி எவ்வளவு, நெய் எத்தனை டின் என்று கணக்கிட்டுச் சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படைத்த பின்னரே மற்றக் காரியங்கள் நடைபெறும். கணக்குச் சற்றுத் தவறினாலும் கேடில்லை. கடைவீதிக்கு ஓர் ஆளை அனுப்பினால் போதும். ஊரை விட்டு வந்து வடபுலத்தில் குடியேறிய நாமும், விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, இரண்டு இரவு ரயில் பயணத்துக்கென்று புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொள்கிறோம். அவை தீர்ந்தாலும் நாகபுரியிலோ விஜயவாடாவிலோ ஏதேனும் கிடைக்கும். கடைவீதியும் இல்லை, நாகபுரியும் இல்லை, ஐந்து மாதம் நீர்ப்பரப்பைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது என்றால், அப்பயணத்துக்கு எதைக் கட்டிக்கொள்வது? பாய்மரக் கப்பல்களின் காலத்தில் இக்கேள்விக்கு விடை காண மேனாட்டார் முந்நூறு ஆண்டுகள் தடுமாறினர். அத்தடுமாற்றத்தில் மாண்ட மாலுமிகள் எண்ணிறந்தோர். முடிவில், விடை இதுவே என்று ஐயமற மெய்ப்பித்த கப்பல் வந்து நங்கூரமிட்ட இடம் நம் சென்னைக் கடற்கரை என்பது நம்மவருள் பலர் அறியாத செய்தி. ஆகவே அதனைச் சற்று விரிவாகவே இம்மலரில் எழுத முற்பட்டோம்.

18ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயப் போர்க்கப்பலில் ஒரு மாலுமிக்கு வாரந்தோறும் அளிக்கப்பட்ட உணவு இன்னது என்று சட்டமே இருந்தது. பிஸ்கோத்து 7 ராத்தல், பீர் 7 காலன், உப்பிட்ட மாட்டிறைச்சி 4 ராத்தல், பன்றியிறைச்சி 2 ராத்தல், உலர்ந்த பட்டாணி 2 பைண்டு, ஓட்ஸ் 3 பைண்டு, வெண்ணெய் 6 அவுன்ஸ், பாலாடைக்கட்டி 12 அவுன்ஸ். வயிற்றை நிரப்புவதற்கு இது போதும். கரையில் அக்காலத்து ஏழைத் தொழிலாளிக்கு இவ்வளவு இறைச்சி கிடைத்திராது. ஆனால் இப்பட்டியலை மீண்டும் ஒரு முறை படித்துப் பார்க்க வேண்டுகிறோம். பச்சைக் காய் ஒன்று உண்டா? பழம் ஒன்று உண்டா? கீரை உண்டா? கெடாதிருப்பது எதுவோ அதுவே உணவு என்று கொண்டதால் வந்த பட்டியல் இது.

வாரத்தில் திங்கள், புதன், வெள்ளி ஆகிய மூன்று நாளும் இறைச்சி கிடையாது. இந்நாள்களுக்கு மாலுமிகள் இட்டிருந்த பெயர் ‘பனியன் நாள்’. புலால் உண்ணாத நம் நாட்டு வணியர்களை, சூரத்து முதலிய துறைகளில் கண்டு வியந்த ஆங்கிலேயர் இட்ட பெயர் அது. அவ்வணியர் அணிந்த தளர்ந்த மேலாடையின் பெயரும் அவ்வழியே திரிந்து, நாம் இன்று சட்டைக்குள் அணியும் பனியனாகி நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது. சொற்களும் கப்பலேறிப் போய் வருகின்றன!

பிஸ்கோத்து என்றவுடன் நம் பிள்ளைகள் தேநீரில் தோய்த்து உண்ணும் பண்டத்தை எண்ணிவிடக் கூடாது. மாவையும் நீரையும் பிசைந்து, ஈரம் சிறிதும் எஞ்சாதபடி சுட்டெடுத்த ஓடு அது. கடற்காற்றின் ஈரம் பட்டதும் அதில் வண்டு விழும். மேசையில் தட்டி, வண்டு உதிர்ந்த பின் உண்பது வழக்கம். இறைச்சி உப்புநீரில் ஊறியபடி பீப்பாய்களில் கிடக்கும். ஆண்டுக்கணக்கில் கிடந்ததைச் சமைக்குமுன் தொட்டியில் ஊறவைத்து உப்பை இறக்க வேண்டும். அதற்கும் நன்னீர் வேண்டுமே! ஓக் மரப் பீப்பாயில் அடைத்த நீரோ சில வாரங்களில் பாசி பிடித்து நாறத் தொடங்கும். மழை பெய்தால் பாய்களை விரித்துப் பிடித்து நீர் சேர்ப்பார்கள். பீர் கொண்டு சென்றதன் காரணமும் அதுவே. நீரைவிட அது சற்று நாள் தாங்கும். வெப்பமான கடல்களில் அதுவும் புளித்துப்போகும் ஆதலால், ஒரு காலன் பீருக்கு ஈடாக அரைப் பைண்டு பிராந்தியோ ரம்மோ சாராயமோ கொடுக்கலாம் என்று விதி செய்தனர். கீழைநாட்டுக் கடல்களில் வந்த கப்பல்களுக்கு நம் பக்கத்துச் சாராயமே அவ்விதியின்படி வழங்கப்பட்டது.

கப்பலின் உக்கிராணக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருக்குச் சம்பளம் சொற்பம். ஆனால் சேதாரம் என்ற பெயரில் எட்டில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ள அவருக்கு உரிமை இருந்தது. 16 அவுன்ஸ் கொண்ட ராத்தல் அவர் கையில் 14 அவுன்ஸாகிவிடும். சேதாரம் உண்மையில் குறைவாக இருந்தால் மிச்சம் அவருக்கு. பயணம் எதிர்பார்த்ததைவிட நீண்டால் நால்வர் உணவை அறுவருக்குப் பங்கிடுவர். இவ்வேற்பாட்டில் யார் இளைத்தனர், யார் கொழுத்தனர் என்று நாம் விளக்கத் தேவையில்லை.

எனினும் மாலுமியைக் கொன்றது பசி அன்று. வயிறார உண்டும் அவன் மாண்டான். கரையை விட்டு இரண்டு மூன்று மாதங்கள் ஆனதும் ஈறு வீங்கிக் கறுக்கும், பல் ஆடும், தோலின் அடியில் இரத்தம் கட்டும், ஆறிப்போன பழைய புண்கள் மீண்டும் வாய் திறக்கும். ஸ்கர்வி என்னும் இந்நோயின் கொடுமையை வாஸ்கோடகாமாவின் முதற் பயணமே காட்டிற்று. அவர் 1498 அக்டோபர் 5ஆம் நாள் கோவாவுக்குத் தெற்கேயுள்ள அஞ்சதீவிலிருந்து ஆப்பிரிக்காவை நோக்கித் திரும்பினார். பருவக்காற்றின் போக்கு அறிந்த நம் கடலோடிகள் எவரும் புறப்படாத காலம் அது. போகும்போது சுமார் மூன்று வாரத்தில் கடந்த கடலைத் திரும்பும்போது கடக்க மூன்று மாதமாயிற்று. அந்த மூன்று மாதத்தில் 30 பேர் மாண்டனர். முன்னரே அந்த அளவினர் இறந்திருந்தனர். கப்பலுக்கு ஏழெட்டுப் பேரே வேலை செய்யும் நிலையில் எஞ்சினர். 1499 சனவரியில் மலிந்தித் துறையை அடைந்ததும் அவர்கள் முதலில் கேட்டது ஆரஞ்சுப் பழம். ஆளில்லாமையால் ஒரு கப்பலைத் தாங்களே எரித்துவிட்டு ஊர் திரும்பினார்கள்.

ஆரஞ்சு கேட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். மருந்து இன்னதென்று மாலுமிகள் ஏதோ ஒரு வகையில் அறிந்தே இருந்தனர். 14ஆம் நூற்றாண்டில் கள்ளிக்கோட்டைத் துறையில் சீனக் கப்பல்களைக் கண்ட இப்னு பதூதா, அவற்றின் மாலுமிகள் மரத்தொட்டிகளில் கீரையும் காய்களும் இஞ்சியும் பயிரிட்டிருந்ததாக எழுதி வைத்திருக்கிறார். அறிவு இருந்தது, அது பண்டகசாலைக் கணக்கேட்டில் ஏறவில்லை. 1740ஆம் ஆண்டு ஆன்சன் என்ற ஆங்கிலத் தளபதி ஏறக்குறைய 1,900 பேருடன் உலகைச் சுற்றப் புறப்பட்டார். அவர்களுள் பெரும்பாலோர் திரும்பவில்லை. பகைவரின் கையால் மாண்டவர் நால்வர். ஏனையோரை விழுங்கியது நோய்.

1747ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள், சாலிஸ்பரி என்ற கப்பலின் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் ஒரு சோதனை செய்தார். ஸ்கர்வி கண்ட 12 பேரைத் தேர்ந்து, எல்லோருக்கும் ஒரே உணவளித்து, இருவர் இருவராகப் பிரித்து ஆறு வகை மருந்து கொடுத்தார். ஆப்பிள் மது, கந்தகத் திராவகம் கலந்த நீர், வினிகர், கடல்நீர், பூண்டும் கடுகும் சேர்ந்த ஒரு லேகியம் என ஐந்து. ஆறாவது இணைக்கு நாள்தோறும் இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும். பழம் ஆறு நாளில் தீர்ந்துவிட்டது. அந்த ஆறு நாளுக்குள் அவ்விருவருள் ஒருவன் வேலைக்குத் திரும்பும் நிலையை அடைந்தான். லிண்ட் 1753இல் இதனை நூலாக எழுதினார். அத்துடன் பிரச்சினை தீர்ந்ததென்று நாம் எண்ணுவோம். தீரவில்லை. மேலும் 42 ஆண்டுகள் கடந்தன!

காரணங்கள் பல. பழம் விலை உயர்ந்தது, அழுகுவது. சாற்றைக் காய்ச்சிப் பாகாக்கினால் பல ஆண்டு இருக்கும் என்று லிண்டே ஒரு வழி சொன்னார். காய்ச்சும்போதே அதன் குணம் பெரும்பாலும் போய்விடும் என்பதை அக்காலத்தில் எவரும் அறியார். பாகை உண்டு பயன் காணாதவர்கள் பழத்தையே ஐயுற்றனர். இவை ஒருபுறமிருக்க, மாலுமி மாண்டால் துறைமுகத் தெருவில் வலுவந்தமாகப் பிடித்து வர வேறொருவன் இருக்கிறான் என்ற எண்ணமும் மேலிடத்தில் இருந்தது என்றே நாம் கருதுகிறோம்.

இடையில் 1768 ஆகஸ்டில் கேப்டன் குக் எண்டெவர் கப்பலில் புறப்பட்டார். அக்கப்பலின் உணவுக் கணக்கு நமக்குக் கிடைத்திருக்கிறது. இல்லத்தரசிகள் படித்து மகிழத் தக்கது. 94 பேருக்குப் பிஸ்கோத்து 34,666 ராத்தல். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் வீதம் ஓராண்டுக்குச் சற்று மேல் வரும். மாட்டிறைச்சி 4,000 துண்டு, பன்றியிறைச்சி 6,000 துண்டு, உலர்ந்த திராட்சை 2,500 ராத்தல், சர்க்கரை 1,500 ராத்தல், வினிகர் 500 காலன், கடுகு 160 ராத்தல். பீர் 1,200 காலன். முழுப்படி அளந்தால் பதின்மூன்று நாளில் தீர்ந்துவிடும்! எல்லாவற்றினும் புதுமையானது, உப்பிட்டுப் புளிக்க வைத்த முட்டைக்கோஸ் 7,860 ராத்தல். நம் ஊறுகாய்க்கு ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம். மாலுமிகள் அதைத் தொட மறுத்தனர். குக் அவர்களை வற்புறுத்தவில்லை. அதிகாரிகளின் மேசையில் நாள்தோறும் பரிமாறச் செய்து, மற்றவர்கள் விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். ஒரு வாரம் ஆவதற்குள் எல்லோரும் கேட்கத் தொடங்கி, அளந்து கொடுக்கும்படி ஆயிற்று. (கீரை உண்ண மறுக்கும் குழந்தைகளை உடைய தாய்மார்கள் இம்முறையைப் பரீட்சிக்கலாம்.) இதே குக், மதேராத் தீவில் வாங்கிய புதிய இறைச்சியை உண்ண மறுத்த இருவருக்கு ஆளுக்கு 12 கசையடி கொடுத்தவர் என்பதையும் மறைப்பதற்கில்லை. அப்பயணத்தில் ஸ்கர்வியால் எவரும் இறக்கவில்லை என்று அவர் பெருமையுடன் எழுதினார். ஆனால் பத்தேவியாத் துறையில் பற்றிய காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் அங்கும் திரும்பும் வழியிலுமாக ஏறக்குறைய முப்பது பேரைக் கொண்டுபோயின. முட்டைக்கோஸ் அதற்கு என்ன செய்யும்?

இனிச் சென்னைக்கு வருவோம். 1794 ஏப்ரல் 2ஆம் நாள், 74 பீரங்கிகள் கொண்ட சஃபோக் என்ற போர்க்கப்பல் பீட்டர் ரெய்னியரின் தலைமையில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டது. வழியில் எத்துறையையும் தொடவில்லை. கடற்படை நிருவாகத்தில் இருந்த கார்டனர் என்பார், மருத்துவர் கில்பர்ட் பிளேனின் யோசனையைக் கேட்டு, போதுமான எலுமிச்சைச் சாற்றை அக்கப்பலில் ஏற்றச் செய்திருந்தார். சாறு காய்ச்சப்படவில்லை, கெடாதிருக்கச் சிறிது மது சேர்க்கப்பட்டிருந்தது. ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் மூன்றில் இரண்டு அவுன்ஸ் சாறு, இரண்டு அவுன்ஸ் சர்க்கரையுடன், நீர் கலந்த ரம்மில் ஊற்றிக் கொடுக்கப்பட்டது. சாற்றின் அளவு இரண்டு மேசைக்கரண்டி கூட இல்லை. ஸ்கர்வியைத் தடுக்க நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் வைட்டமின் சி தேவை என்பது இன்று தெரிந்த செய்தி. அச்சிறிதளவுச் சாறு அந்த எல்லையை ஒட்டியே இருந்திருக்கும். ஆகவேதான் நடுவழியில் சிலருக்கு நோய்க்குறி தோன்றியது. அவர்களுக்குச் சாற்றைக் கூட்டிக் கொடுத்ததும் மறைந்தது.

செப்டம்பர் 11ஆம் நாள் சஃபோக் சென்னைக்கு எதிரே நங்கூரம் பாய்ச்சியது. அன்று சென்னையில் துறைமுகம் ஏது? கப்பல்கள் திறந்த கடலில் நிற்கும். ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் நம் மீனவர் அலைகளைத் தாண்டிச் சென்று ஆட்களையும் சரக்கையும் கரை சேர்ப்பர். 23 வாரமும் ஒரு நாளும் மண்ணைக் காணாத அக்கப்பலில் ஒருவர் கூட இறக்கவில்லை. நோயாளிப் பட்டியலில் இருந்தவர் 15 பேர். முந்திய தலைமுறையில் இத்தகைய பயணத்தின் முடிவில் தோணி தோணியாக நோயாளிகளை இறக்க வேண்டியிருந்திருக்கும்.

செய்தி லண்டனுக்கு எட்டியது. 1795இல் எலுமிச்சைச் சாறு கடற்படையில் வழங்க ஒப்புதல் கிடைத்தது. அவ்வாண்டு முதல் 1814 வரை வழங்கிய சாறு 16 லட்சம் காலன் என்பர்.

இக்கதைக்கு ஒரு வால் உண்டு. முதலில் வழங்கியது மத்தியதரைக் கடல் நாடுகளின் பெரிய எலுமிச்சை. 1860களில் சிக்கனம் கருதி மேற்கிந்தியத் தீவுகளின் சிறிய எலுமிச்சைக்கு மாறினர். நம் வீட்டில் ஊறுகாய் போடும் இனம் அதுவே. பெயர் ஒன்று போலிருந்ததால் குணமும் ஒன்றே என எண்ணிவிட்டனர். 1875இல் வடதுருவம் நோக்கிச் சென்ற நேர்ஸ் குழுவில் ஸ்கர்வி மீண்டும் தலைகாட்டியது. சிறிய எலுமிச்சையின் ஆற்றல் பெரியதில் நான்கில் ஒரு பங்கே என்பது 1918இல் லண்டனில் நடந்த சோதனைகளால் தெரிந்தது. நாள்தோறும் காயும் கீரையும் உண்ணும் நமக்கு இதனால் குறையேதுமில்லை. கடலில் அடைபட்டவனுக்கு அது உயிர்ப் பிரச்சினை.

நம்மவர் சென்ற பாய்மரக் கப்பல்களின் கணக்கு வேறு வகை. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர் 342 பேரை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் புறப்பட்டது. இத்தகைய கப்பல்களில் அரிசி, பருப்பு, நெய், உப்பு, மஞ்சள், புளி, மிளகாய் ஆகியவை ஏற்றப்பட்டன. பழக்கமான சுவை, ஆயினும் காயும் பழமும் அரிது. நேட்டால் பயணம் ஐந்து வாரம் ஆதலால் ஸ்கர்வி தோன்ற நாள் போதாது. மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் சென்ற கப்பல்களோ மூன்று மாதம் கடலில் கிடந்தன. இடைவழியில் நன்னம்பிக்கை முனையிலோ செயின்ட் ஹெலினாத் தீவிலோ நின்று, நீரும் காய்களும் ஏற்றிக்கொண்டே மேற்சென்றன. ட்ரூரோ 1860 நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது.