பிளேக்கும் நாட்கூலியும்

1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்டவியில் பிளேக் கண்டறியப்பட்டது. சில மாதங்களுக்குள் நகரமக்கள் பெருந்திரளாக வெளியேறினர். ரயில் நிலையங்கள் பயணிகளைச் சோதிக்கும் இடங்களாயின. பஞ்சாலைகளில் ஆள் பற்றாக்குறை முற்றியது. ஊதியத்தை நிலுவையில் வைத்தே தொழிலாளரைப் பிணித்திருந்த முதலாளிகள், அன்றாடக் கூலியை அன்றன்றே வழங்க நேர்ந்தது. ஊரைவிட்டுப் போக முடிந்ததே உழைப்பவரின் பேர வலிமையாயிற்று.

1897இல் தொற்றுநோய்கள் சட்டம் இயற்றப்பட்டது. புனேயில் பிளேக் தடுப்பின் பெயரால் நடந்த கெடுபிடிகளைக் கண்டித்துவந்த 'கேசரி'யின் ஆசிரியர் திலகர், அவ்வாண்டே ராஜத்துரோக வழக்கில் சிறைப்பட்டார்.

2020இலும் அதே சட்டம் கையாளப்பட்டது. ஆனால் பயணிகள் ரயில்கள் நின்றன. புலம்பெயர் தொழிலாளர் நெடுஞ்சாலைகளில் நடந்தனர். வீட்டிலிருந்தே பணிபுரியும் வாய்ப்பு கணினிமுன் அமர்வோருக்கே வாய்த்தது. நோய்க்காலத்தில் யார் நகரலாம், யார் தங்கலாம் என்பதை நோய் மட்டுமே தீர்மானிப்பதில்லை.