அரவானின் செவ்வாய்க்கிழமை: மும்பைத் தமிழ்த் திருநங்கையரும் கூவாகத்தின் இரண்டாவது திருவிழாவும்

கூவாகம் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் கோயில் வாசலில் தொடங்கிக் கோயில் வாசலிலேயே முடிந்துவிடுகின்றன. தாலி, ஒப்பாரி, வெள்ளைச் சேலை என்ற வரிசையில் தொன்மத்தை விளக்கிவிட்டால் பணி முடிந்தது என்ற எண்ணம் நம்மிடையே வலுவாக இருக்கிறது. கோயிலிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளி, விழுப்புரம் நகரத்தின் விடுதிகளிலும் மண்டபங்களிலும் ஆண்டுதோறும் நடக்கும் இன்னொரு விழாவைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறேன். அவ்விழாவைக் கோயில் நடத்துவதில்லை; புராணத்திலும் அதற்கு இடமில்லை. மும்பையிலிருந்து வரும் தமிழ்த் திருநங்கையருக்கோ, கோயிலின் ஓர் இரவுக்கு முன்னே வரும் அந்த இரண்டு மூன்று பகல்கள் அவ்விரவுக்கு ஈடானவை.

முதலில் நாட்காட்டியைக் கவனிக்க வேண்டும். கூத்தாண்டவர் திருவிழா சித்திரை மாதத்தில், சாகை வார்த்தலுடன் தொடங்கிப் 18 நாட்கள் நடப்பது. சித்ரா பௌர்ணமி அன்று தாலி கட்டப்படுவதாகப் பொதுவாக எழுதுகிறோம். அண்மைய ஆண்டுகளின் தேதிகளை அடுக்கிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. 2022-இல் ஏப்ரல் 19, 2023-இல் மே 2, 2024-இல் ஏப்ரல் 23 ஆகிய நாட்களில் தாலி கட்டும் சடங்கு நடந்தது. மூன்றும் செவ்வாய்க்கிழமைகள். மறுநாளான புதன்கிழமை தேரோட்டமும் அரவானின் பலியும். 2024-இல் மட்டுமே அந்தச் செவ்வாய் பௌர்ணமியோடு ஒத்துப்போனது. மற்ற இரு ஆண்டுகளில் சில நாட்கள் முன்பின்னாக விழுந்தது. கிராமத்தின் கிழமைக் கணக்கே இங்கு ஆட்சி செய்கிறது. பஞ்சாங்கம் அதற்குத் துணை நிற்கிறது. நகரத்து வார இறுதி என்ற கருத்துக்கு இந்த ஏற்பாட்டில் இடமே கிடையாது. மும்பையில் இருப்பவர் வாரத்தின் நடுவே, கோடை விடுமுறைக் கூட்டத்தில், ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் இரயிலில் வந்தாக வேண்டும். ஒரு விழாவில் பங்கேற்பவர் யார், அதன் தேதியைத் தீர்மானிப்பவர் யார் என்ற இரண்டு கேள்விகளும் பிரியும் இடம் இதுதான்.

விழா யாருடையது? வடமொழிப் பாரதத்தில் இராவான் போரின் எட்டாம் நாள் அலம்புசன் கையால் மடிகிறான். அங்கே திருமணம் இல்லை. போருக்கு முன் காளிக்குக் களப்பலியாகும் வீரனாகவும், பலிக்கு முந்தைய இரவில் மோகினி வடிவெடுத்த கண்ணனை மணப்பவனாகவும் அவன் மாறியது தமிழ் மரபில். ஆல்ஃப் ஹில்டெபைட்டல் 1995-இல் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். வட தமிழகத்தில் கூத்தாண்டவர் கோயில்கள் பல. கூவாகத்தில் தாலி கட்டிக்கொள்வோர் திருநங்கையர் மட்டுமல்லர் என்பதைச் செய்தித்தாள்கள் எளிதில் மறந்துவிடுகின்றன. சுற்றுவட்டார ஆண்கள், சிறுவர்கள், குடும்பத் தலைவர்கள் எனப் பலரும் நேர்ந்துகொண்டு பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள், மறுநாள் அறுத்துக்கொள்கிறார்கள். போர் வீரன் ஒருவனின் தியாகத்தைக் கொண்டாடும், ஆண்கள் பொறுப்பேற்று நடத்தும் வேளாண் கிராமத்து வழிபாடு இது. திருநங்கையர் அதற்குள் மணப்பெண்ணாக நுழைந்து, ஏற்கெனவே அங்கிருந்த சடங்கைத் தம் வாழ்க்கையின் பொருளோடு பொருத்திக்கொண்டார்கள். கிராமம் அவர்களுக்கு இடம் விட்டது. ஆனால் அந்த இடத்தின் உரிமை கிராமத்திடமே இருக்கிறது.

இதை விளங்கிக்கொள்ள வெகு தொலைவிலுள்ள ஒரு நிகழ்வு எனக்கு உதவியது. அமெரிக்க மேற்குப் பகுதியின் ரோடியோ என்பது காளை மீதும் குதிரை மீதும் ஏறிச் சவாரி செய்து, கயிறெறிந்து கன்றைப் பிடிக்கும் போட்டி. நம் மஞ்சுவிரட்டைப் போலவே ஆண்மையின் அரங்கேற்றமாகக் கருதப்படுவது. 1976 அக்டோபரில் நெவாடா மாநிலத்தின் ரினோ நகரில் ஃபில் ராக்ஸ்டேல் என்பவர் தன்பாலீர்ப்பாளருக்கென ஒரு ரோடியோவை ஏற்பாடு செய்தார். அறக்கொடைக்கு நிதி திரட்டுவதும், தன்பாலீர்ப்பாளர் பற்றிய தப்பெண்ணத்தை உடைப்பதும் நோக்கம். மைதானம் கிடைத்தது, விலங்குகள் கிடைக்கவில்லை. இன்னாருடைய போட்டி என்று அறிந்ததும் பண்ணையாளர்கள் மாடு தர மறுத்தார்கள். கடைசி நேரத்தில் திரட்ட முடிந்தவை ஐந்து மாடுகள், பத்துக் கன்றுகள், ஒரு பன்றி, ஒரு குட்டைக் குதிரை. அன்று சேர்ந்த நிதி 214 டாலர். அந்தச் சிறு தொடக்கத்திலிருந்து 1985-இல் ஒரு பன்னாட்டுச் சங்கமே உருவானது. பகலில் மைதானம், இரவில் விடுதிக் கூடத்தில் நாட்டுப்புற இசைக்கு இணை சேர்ந்து ஆடும் நடனம் என்ற வடிவமும் நிலைபெற்றது. ஆணும் ஆணும் கைகோத்து ஆடும்போது வழிநடத்துபவர் யார், பின்தொடர்பவர் யார் என்பதையே புதிதாகத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. ஆனாலும் 1988-இல் நெவாடாவின் ஃபாலன் என்ற சிற்றூரில் நடக்கவிருந்த இறுதிப் போட்டி நீதிமன்ற உத்தரவால் நின்றது. குதிரைகளோடு வந்து சேர்ந்திருந்தவர்கள் மைதானத்துக்குள் விடப்படவில்லை. மாடு கொடுப்பவர், மைதானம் கொடுப்பவர், அனுமதி கொடுப்பவர் என்ற மூவரில் ஒருவர் பின்வாங்கினாலும் விழா இல்லை.

மும்பைக்கு வருவோம். அந்நகரத்தின் தமிழ் நிலவியல் சாதியும் வர்க்கமும் வரைந்த கோடுகளால் ஆனது. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் தொழிலுக்கு வந்தவர்களின் உழைப்பில் எழுந்தது தாராவி. 1896-இன் பிளேக் நோய்க்குப் பின் அமைக்கப்பட்ட பம்பாய் மேம்பாட்டு அறக்கட்டளை திட்டமிட்டு உருவாக்கிய தாதர்–மாட்டுங்கா பகுதியில், அலுவலகப் பணிக்கு வந்த தென்னிந்திய நடுத்தர வர்க்கம் குடியேறியது. அங்கே கோயிலும் பள்ளியும் சபாவும் எழுந்தன. தென்னிந்தியக் கல்விக் கழகம் 1932-இல் தோன்றியது. சண்முகானந்தா சபா 1952-இல். அவ்வர்க்கத்தின் அடுத்த தலைமுறை செம்பூருக்கும் நகர்ந்தது. மும்பைத் தமிழர் வரலாறு எனப் பொதுவாக எழுதப்படுவது இந்தச் சபாக்கள், சங்கங்கள், பள்ளிகளின் வரலாறு. தாராவியின் தொழிலாளர் அதில் ஒரு பத்தியாக இடம்பெறுவதே அரிது. அதே நகரத்தில் குருவின் வீட்டில் சேலாவாகச் சேர்ந்த தமிழ்த் திருநங்கையருக்கு அந்தப் பத்தியும் கிடைப்பதில்லை. மேடையில் பெண்ணாக ஆடுவதை அபிநயமாக இரசிக்கத் தெரிந்த சமூகம், வாழ்க்கையில் பெண்ணானவரைத் தன் வரலாற்றுக்குள் சேர்க்கத் தயங்கியது.

அவர்களின் வரலாற்றுக்கு நமக்கிருக்கும் முதன்மைச் சான்று அவர்களே எழுதியவை. ரேவதியின் ‘வெள்ளை மொழி’ நாமக்கல் பகுதிக் கிராமத்திலிருந்து டெல்லிக்கும் மும்பைக்கும் செல்லும் பாதையைக் காட்டுகிறது. லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’ புனேயில் கழிந்த நாட்களைப் பதிவு செய்கிறது. பிரியா பாபுவின் எழுத்துகளையும் இவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும். வீட்டில் அடி, ஓட்டம், வடக்கே ஒரு ஜமாத், அங்கே குரு, நிர்வாணம், கடை கேட்டல் என்ற தொடர் பல வாழ்க்கைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. மொழியும் அந்தப் பயணத்தைச் சுமக்கிறது. காலில் விழுகிறேன் என்ற இந்தித் தொடர் ‘பாம்படுத்தி’ என்று தமிழ் நாவில் உருமாறி, இன்று தமிழகத்துத் திருநங்கையரின் வணக்கச் சொல்லாகவே ஆகிவிட்டது. வடக்கே போன தமிழர்கள் திரும்பிக் கொண்டுவந்த சொல் அது. திரும்புவதற்கு ஒரு வழி இருந்ததால்தான் அச்சொல்லும் வந்தது. அவ்வழியில் கூவாகத்தின் பங்கு பெரியது.

ஊரைவிட்டு ஓடியவருக்குச் சொந்த ஊருக்குத் திரும்புவது எளிதன்று. அண்ணன் அடிப்பார் என்ற அச்சமும், சொத்துப் பேச்சும், ஊராரின் கேலியும் காத்திருக்கும். கூவாகத்துக்கு வருவது அப்படிப்பட்டதன்று. தமிழ் மண்ணுக்கு, குழுவாக, பட்டுச் சேலையும் பூவுமாக, ஒரு தெய்வத்தின் பெயரால் வரலாம். ஏன் வந்தாய் என்று கேட்பாரில்லை. சொந்த வீட்டுக்குப் போக முடியாதவர் சொந்த மொழி பேசும் நிலத்துக்கு வந்து போவதற்கான உரிமத்தைக் கூத்தாண்டவர் வழங்கினார் என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால் கூவாகம் சிற்றூர். பல்லாயிரம் பேர் தங்க அங்கே இடம் ஏது? ஆகவே விழுப்புரம் தங்குமிடமானது. தங்குமிடம் வாய்த்ததும் கூடிப் பேசவும் ஆடவும் நேரம் வாய்த்தது. எய்ட்ஸ் தடுப்புப் பணிக்காகத் தொண்டு நிறுவனங்கள் அங்கே வந்ததும் மேடை, ஒலிபெருக்கி, நிதி எல்லாம் சேர்ந்துகொண்டன. ‘மிஸ் கூவாகம்’ போட்டி இந்த மூன்றும் கலந்து பிறந்த குழந்தை. ஒயிலான நடை, நடனம், பொது அறிவுக் கேள்வி, நோய்த் தடுப்புக் கேள்வி, பிறகு மகுடம். அழகுப் போட்டி என்ற வடிவத்தின் மீது எனக்குப் பெரிய மதிப்பில்லை; நிறமும் உடல்வாகும் அதில் செய்யும் வேலையை நாம் அறிவோம். இருந்தும், அந்த மேடையில் வாழ்த்துரை வழங்க அமைச்சர்களும் ஆட்சியர்களும் வரத் தொடங்கியதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. 2008 ஏப்ரலில் தமிழக அரசு திருநங்கையர் நலவாரியத்தை அமைத்தது. கோரிக்கை வைக்கவும் அதைப் பத்திரிகையாளர் கேட்கவும் ஆண்டுதோறும் ஓர் இடம் இருந்தது அவ்வரலாற்றின் ஒரு பகுதி. மும்பையிலிருந்து வருபவர் நிலை இதிலும் சிக்கலானது. மகுடம் சூடலாம், ஆனால் குடும்ப அட்டையும் முகவரியும் கேட்கும் நலத்திட்டத்தின் வாசலில் அவர் விருந்தாளியே.

ரினோவில் பகலில் மைதானம், இரவில் விடுதி நடனம். விழுப்புரத்தில் பகலில் விடுதியும் மேடையும், இரவில் கோயில். வரிசை தலைகீழ், இயங்குமுறை ஒன்று. மற்றவர் விழாவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு தமக்கான விழாவை அமைத்துக்கொள்வது பால்புதுமையினர் வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும் உத்தி. மும்பையிலேயே கொலாபாவின் வூடூ மதுக்கூடம் சனிக்கிழமை இரவுகளில் மட்டும் ஆண் தன்பாலீர்ப்பாளரின் நடனக்கூடமாக இருந்தது. வாரத்தின் மற்ற நாட்களில் அது வேறு யாருடையதோ. ஒருவரின் விழாவோடும் ஒட்டாமல் தனித்து நடப்பது பேரணி. 2008 ஆகஸ்ட் 16 அன்று ஆகஸ்ட் கிராந்தி மைதானத்திலிருந்து முதல் பெருமிதப் பேரணி புறப்பட்டது. அதே மைதானத்தில் 2020 பிப்ரவரியில் பேரணி நடத்த, குடியுரிமைச் சட்ட எதிர்ப்பு முழக்கங்கள் எழக்கூடும் என்று காவல்துறை அனுமதி மறுத்தது; ஆசாத் மைதானத்தில் நின்ற இடத்திலேயே கூடிக் கலைய நேர்ந்தது. கூவாகத்தில் திருநங்கையர் தமக்கென எந்த அனுமதியும் கேட்க வேண்டியதில்லை. அனுமதி கூத்தாண்டவருடையது.

இந்தப் பாதுகாப்புக்கு விலை உண்டு. திருவிழா நாட்களில் விடுதி வாடகை ஏறுகிறது. திருநங்கையரைத் தேடி வெளியூர் ஆண்கள் கும்பலாக வருகிறார்கள். கோயில் சுற்றிலும் வயல்வெளியிலும் நிகழும் சீண்டல்களும் வன்முறையும் தன்வரலாறுகளிலும் செய்திகளிலும் பதிவாகியுள்ளன. தெய்வத்தின் மனைவியாக இருக்கும் இரவும் உடல் அளவில் ஆபத்தான இரவும் ஒன்றாகவே இருக்கின்றன. பக்தி இலக்கியப் பயிற்சியில் வந்த சில ஆய்வாளர்கள் இதைச் சடங்கின் களியாட்டக் கூறு என்று எழுதிக் கடந்துபோவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. விருந்தோம்பும் கிராமமும் அத்துமீறும் கூட்டமும் வேறுவேறு. இரண்டையும் ஒரே மைதானத்தில் வைத்துத்தான் அன்றிரவைத் திட்டமிட வேண்டியிருக்கிறது. யார் யாருடன் போவது, எந்த வண்டி, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதெல்லாம் குரு முடிவு செய்பவை. ஜமாத்தின் அதிகாரத்தை விமர்சிக்கும் நாம், அன்றிரவு அது ஆற்றும் காவல் பணியையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மற்றவர் நாட்காட்டியில் வாழ்வதன் இன்னொரு விலை 2020-இல் தெரிந்தது. பெருந்தொற்றால் அவ்வாண்டும் 2021-இலும் விழா நடக்கவில்லை. கோயில் மூடினால் விழுப்புரத்து மேடைக்குக் காரணமே இல்லை. மும்பையில் கடை கேட்டலும் இரயில் பெட்டிகளில் கை தட்டிக் கேட்டலும் நின்றுபோன அதே மாதங்களில் தமிழகம் வந்துபோகும் வாய்ப்பும் நின்றது. கிராமத்துக்கு அது இரண்டு ஆண்டு விழாத் தடை. ஒவ்வோர் ஆண்டும் ஒருமுறை மட்டுமே தமிழ் மண்ணை மிதித்தவர்களுக்கு அதை என்ன பெயரிட்டு அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. 2022-இல் விழா மீண்டபோது வந்தவர்களில், இடைப்பட்ட காலத்தில் இறந்தவர்களுக்காகவும் சேர்த்து அழுதவர்கள் இருந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். பெற்ற குடும்பம் உடலைப் பெற்றுக்கொள்ளாத, அல்லது ஆண் பெயரில் ஈமச்சடங்கு செய்த தோழியருக்கு வாய்விட்டு ஒப்பாரி வைக்கப் பொதுவெளியில் வேறு நாள் ஏது? புதன்கிழமைக் காலையில் அழிகளத்தில் வளையல் உடையும்போது எழும் அழுகை அரவானுக்கு மட்டுமானதாக இருக்க வேண்டியதில்லை.

இத்துறையில் ஆய்வுத் தலைப்புத் தேடும் மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். தொன்மத்தை இன்னொரு முறை விளக்குவதைச் சற்றுத் தள்ளிவைக்கலாம். மண்டப வாடகை இரசீதுகள், போட்டியின் துண்டறிக்கைகள், தொண்டு நிறுவனங்களின் நிதி அறிக்கைகள், பழைய ஒளிப்படங்கள், தாராவியிலும் பிற இடங்களிலும் வாழும் மூத்த குருமாரின் வாய்மொழி எல்லாம் இன்னும் ஓரிடத்தில் திரட்டப்படவில்லை. விடுதிப் பதிவேட்டில் எந்தப் பெயரை எழுதினார்கள், தந்தை பெயர் என்ற கட்டத்தில் என்ன எழுதினார்கள் என்பதிலிருந்தே ஓர் ஆய்வைத் தொடங்கலாம். தாள்கள் செல்லரிக்கும் முன், மூத்தவர்கள் இருக்கும்போதே.