முட்டி வலியும் மேனேஜர் தொல்லையும்

தினமும் காலை ஆறரை மணிக்கு எங்கள் பெரம்பூர்ப் பூங்காவில் ஐந்து பேர் கூடுவோம். ஒருவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஒருவர் அச்சகத்தில் கம்பாசிட்டர். ஒருவர் பள்ளி ஆசிரியர். இன்னொருவர் ஒர்க்‌ஷாப் ஃபிட்டர். நான் குமாஸ்தாவாகச் சேர்ந்து ஒரு செக்‌ஷனுக்குத் தலைமை வகித்து ஓய்வு பெற்றவன். நாலு சுற்று நடக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. இரண்டு சுற்று நடப்போம். மீதி இரண்டையும் பெஞ்சில் உட்கார்ந்து பேசியே முடித்துவிடுவோம்.

பேச்சுக்கு இரண்டே தலைப்புதான். முதலில் உடம்பு: சுகர் எவ்வளவு, ராத்திரி எத்தனை தடவை எழுந்தோம், முட்டிக்கு எந்தத் தைலம். பிறகு பழைய வேலை: லீவு கேட்டால் முறைத்த மேலதிகாரி, நம்மைத் தாண்டிக் கொடுத்த புரமோஷன். அந்த மேலதிகாரிகளில் பாதிப் பேர் இன்று உயிரோடு இல்லை. ஆனாலும் எங்கள் கோபம் தணியவில்லை.

ஒருநாள் கம்பாசிட்டர் நண்பரின் மருமகள் அவரை அழைத்துப் போக வந்தவள் சற்று நேரம் நின்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். "ஏன் மாமா, உங்களுக்கெல்லாம் வேற பேச்சே கிடையாதா?"

அன்று யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தேன். நான் படித்து வைத்திருந்த இரண்டு பழைய கதைகள் நினைவுக்கு வந்தன. அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதல் கதை இத்தாலியில் மோதனா என்ற ஊரில் நடந்தது. 1633-ல் பிறந்த பெர்னார்டினோ ராமஸீனி அங்கே மருத்துவராக இருந்தார். ஒருநாள் அவர் வீட்டுக் கழிவுக் குழியைச் சுத்தம் செய்ய ஆள் வந்தான். அவன் மூச்சு விடக்கூட நேரமில்லாதவன் போல அவசர அவசரமாக அள்ளிக்கொண்டிருந்தான். டாக்டருக்கு மனம் பொறுக்கவில்லை. ஏன் இவ்வளவு அவசரம், மெதுவாகச் செய்யலாமே என்று கேட்டார். அவன் நிமிர்ந்து பார்த்துச் சொன்னான்: இந்த வேலையில் நாலு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் பார்வை போய்விடும். வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய் இருட்டறையில் முடங்கிக்கொண்டு, வெதுவெதுப்பான தண்ணீரால் கண்ணைக் கழுவிக்கொண்டே இருப்பானாம். அப்போதுதான் எரிச்சல் கொஞ்சம் அடங்குமாம்.

ஒரு துப்புரவுத் தொழிலாளியிடம் நின்று இரண்டு வார்த்தை பேசியதில் ராமஸீனியின் ஆராய்ச்சியே திசை மாறியது. பட்டறை பட்டறையாகப் போனார். கொல்லர், குயவர், கண்ணாடி ஊதுபவர், சலவை செய்பவர் என்று எல்லோரிடமும் பேசினார். 1700-ல், தொழிலாளர்களுக்கு வரும் நோய்கள் பற்றி லத்தீன் மொழியில் ஒரு புத்தகம் வெளியிட்டார். நோயாளியிடம் மருத்துவர் கேட்க வேண்டிய கேள்விகளை ஹிப்போகிரட்டீஸ் காலத்திலேயே வகுத்து வைத்திருந்தார்கள். ராமஸீனி அவற்றோடு ஒன்றைச் சேர்த்தார்: "நீ என்ன வேலை செய்கிறாய்?"

எவ்வளவு சாதாரணமான கேள்வி! ஆனால் அதைக் கேட்டால்தான் உடம்புப் புலம்பலும் வேலைப் புலம்பலும் ஒன்று என்பது தெரியும்.

இரண்டாவது கதை எங்கள் ஊர்க் கதை. சுமார் இருநூறு வருஷம் கழித்து, இதே பெரம்பூரில் நடந்தது. பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்கள், நாங்கள் சொல்லும் 'பி அண்ட் சி மில்', அப்போது ஆயிரக்கணக்கான பேருக்குச் சோறு போட்டது. 1911-ஆம் வருஷத்துச் சட்டப்படி துணி மில்லில் ஆண் தொழிலாளியிடம் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வேலை வாங்கலாம். நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி. கை கழுவி, உட்கார்ந்து, அள்ளிப் போட்டுக்கொண்டு திரும்பி ஓட வேண்டும். அதற்கு மேல் சில வெள்ளைக்கார அதிகாரிகளின் கை நீளும் பழக்கம்.

மில்லுக்குப் பக்கத்தில் செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு என்று இரண்டு வணிகர்கள் இருந்தார்கள். அவர்கள் மில் வேலைக்காரர்கள் இல்லை, அரசியல் தலைவர்களும் இல்லை. வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று ஒரு பக்தி சபையை நடத்தி வந்தவர்கள். அங்கே வந்து போகும் தொழிலாளிகள் தங்கள் கஷ்டத்தை அவர்களிடம் கொட்டினார்கள். எங்கள் பெஞ்சில் நடப்பது போன்ற பேச்சாகத்தான் அது இருந்திருக்க வேண்டும். இடுப்பு வலி, சரியாகச் சாப்பிடாத வயிறு, அடித்த அதிகாரி.

அந்த இருவரும் கேட்டுவிட்டு "எல்லாம் தலையெழுத்து" என்று சொல்லி அனுப்பவில்லை. அன்னி பெசன்ட் நடத்திய 'நியூ இந்தியா' பத்திரிகை ஆபீசுக்குப் போய் பி. பி. வாடியாவைப் பார்த்துச் சொன்னார்கள். வாடியா பம்பாய்ப் பக்கத்துப் பார்சிக்காரர். அவர் பெரம்பூருக்கு வந்து தொழிலாளிகளிடம் நேரில் கேட்டார். 'தேசபக்தன்' ஆசிரியராக இருந்த திரு. வி. க.வும் சேர்ந்துகொண்டார். 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

சங்கம் முதன்முதலில் கேட்டவற்றில் ஒன்று என்ன தெரியுமா? சாப்பாட்டு நேரம் அரை மணியை நாற்பது நிமிஷம் ஆக்க வேண்டும் என்பது. வெறும் பத்து நிமிஷம்! அது கிடைத்தது. அந்தப் பத்து நிமிஷத்தின் அருமை, ஓடி ஓடிச் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொண்டவனுக்குத்தான் தெரியும்.

பிறகு நடந்ததெல்லாம் இனிப்பான கதை இல்லை. மில் நிர்வாகம் வாடியா மீதே நஷ்ட ஈட்டு வழக்குப் போட்டது. உயர்நீதிமன்றம் தடை உத்தரவு கொடுத்தது. 1921 வேலைநிறுத்தத்தில் தொழிலாளிகளே ஜாதி வழியில் பிரிந்து நின்றார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஆனால் அந்த வழக்குதான், சங்கம் வைத்தவனைப் பாதுகாக்க ஒரு சட்டம் வேண்டும் என்ற எண்ணத்தை உண்டாக்கியது. 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

வேலை நேரமும் படிப்படியாகக் குறைந்தது. 12 மணி என்பது 1922-ல் 11 ஆகி, 1934-ல் 10 ஆகி, 1946-ல் 9 ஆனது. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு பிரிவு இருந்தது. சட்டத்தின் அட்டவணையில் உள்ள தொழில் நோய் ஒரு தொழிலாளிக்கு வந்திருப்பதாக மருத்துவர் கருதினால், தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு அவர் எழுதியே ஆக வேண்டியிருந்தது. ராமஸீனியின் கேள்வி 248 வருஷம் நடந்து நம் நாட்டுச் சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது! அதே 1948-ல்தான் இ.எஸ்.ஐ. சட்டமும் வந்தது. 1952-ல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கிய அந்தத் திட்டம் 1955-ல் கோயம்புத்தூருக்கு வந்தது.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு.

ராமஸீனி தன் புத்தகத்தை 1713-ல் மறுபடியும் வெளியிட்டபோது எழுத்தர்களைப் பற்றியும் சேர்த்தார். நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது, கை ஒரே மாதிரி ஓயாமல் அசைவது, கணக்கில் பிழை வந்து முதலாளிக்கு நஷ்டமாகிவிடுமோ என்ற பயம். இந்த மூன்றும்தான் அவர்களைப் படுத்துகின்றன என்கிறார். தனக்குத் தெரிந்த ஓர் எழுத்தரின் வலது கை எழுதி எழுதியே செயலிழந்ததையும், அவர் இடது கையால் எழுதப் பழகியதும் அதற்கும் அதே கதி வந்ததையும் சொல்கிறார்.

ஓய்வு பெற்ற பிறகு அதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கள் செக்‌ஷனில் லெட்ஜர் எழுதிய ஒருவர் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஒரு மாசக் கடைசியில் அவர் என் மேஜைக்கு வந்து, "சார், கட்டை விரல் மரத்துப் போவுது, பேனா பிடிக்க முடியலே" என்றார். நான் தலையைக்கூட நிமிர்த்தாமல், "எல்லாருக்கும்தான்யா வலிக்குது. குளோஸிங் முடியட்டும், பாக்கலாம்" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் சொல்லவே இல்லை. மணிக்கட்டில் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு எழுதினார். நாளாக ஆகச் சட்டைப் பித்தான் போடவும் பக்கத்து ஸீட்காரரின் உதவி வேண்டியிருந்தது. கடைசியில் சர்வீஸ் பாக்கி இருக்கும்போதே வேலையை விட்டுப் போனார். பிரிவுபசாரத்தில் நான்தான் மாலை போட்டேன். கட்டை விரல் பற்றி அன்றும் கேட்கவில்லை.

செட்டியாரும் நாயுடுவும் செய்த காரியம் பெரிய வித்தை இல்லை. காது கொடுத்தார்கள், கேட்டதைச் சொல்ல வேண்டிய இடத்தில் போய்ச் சொன்னார்கள். சட்டம் பிற்பாடு வந்தது. மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு அது தோன்றவில்லை.

பி அண்ட் சி மில்லை 1996-ல் மூடிவிட்டார்கள். எங்கள் பெஞ்சு மட்டும் இன்னும் நடக்கிறது. போன வாரம் கண்டக்டர் நண்பர் வழக்கம்போல் முட்டியைப் பிடித்துக்கொண்டு, "தைலம் எதுவும் கேக்க மாட்டேங்குது சார்" என்றார்.

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நின்னுக்கிட்டே டிக்கெட் கொடுப்பீங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். அன்று வீடு திரும்ப எட்டரை ஆகிவிட்டது.