கருவேலமரத்தின் பெயரை யார் எடுத்துக்கொண்டது?

கண்மாய்க்கரையில் ஒரு கருவேலமரமாவது பார்க்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் குறைவு. ஆட்டுக்கு நெற்று, பல்லுக்குக் குச்சி, ஏருக்கும் வண்டிக்கும் கட்டை என்று ஒரு மரம் இவ்வளவு உழைப்பது அபூர்வம். கூந்தன்குளம் பக்கம் போனால் குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களில் பறவைகள் கூடு கட்டியிருப்பதைப் பார்க்கலாம்.

இந்த மரம் சேர்ந்த கூட்டத்துக்கு அறிவியலில் 250 வருஷமாக ஒரு பெயர் இருந்தது: அக்கேசியா. 2005ல் வியன்னாவில் ஒரு ஓட்டெடுப்பு நடந்தது. அந்தப் பெயர் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டது! "பேர்ல என்னய்யா இருக்கு"ன்னு கேட்பவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க :)

முதல்ல பழைய கதை. எகிப்தில் நைல் நதிப் பக்கம் வளரும் முள்மரம் ஒன்றைப் பற்றி முதலாம் நூற்றாண்டிலேயே கிரேக்க மருத்துவர் டயாஸ்கோரிடஸ் எழுதியிருக்கிறார். அவர் சொன்ன பெயர்தான் அக்கேசியாவுக்கு மூலம். முள் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். 1753ல் லின்னேயஸ் இந்த மரத்தைத் தொட்டாற்சுருங்கியோடு சேர்த்து மிமோசா என்ற பேரினத்தில் வைத்தார். அடுத்த வருஷமே, 1754ல், லண்டன் தோட்டக்கலைஞர் பிலிப் மில்லர் அக்கேசியாவைத் தனிப் பேரினமாக்கினார். 1913ல் பிரிட்டன், பிரவுன் என்ற இரண்டு அமெரிக்கத் தாவரவியலாளர்கள் அந்தப் பேரினத்துக்கு அடையாள இனமாக நம்ம கருவேலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இந்த 'அடையாள இனம்' சமாச்சாரம்தான் கதைக்கு அச்சாணி. தாவரவியல் விதிப்படி ஒரு பேரினத்தின் பெயர் ஒரு குறிப்பிட்ட இனத்தோடு கட்டிப் போடப்பட்டிருக்கும். பிற்பாடு அந்தக் கூட்டம் உடைந்து நாலு குடும்பமாகப் பிரிந்தால், அடையாள இனம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்துக்குத்தான் பழைய பெயர். மற்றவர்கள் வேறு பெயர் தேடிக்கணும். பாகப்பிரிவினையில் குலதெய்வக் கோயில் மூத்தவருக்குப் போகிற மாதிரி.

அக்கேசியா கூட்டம் வளர்ந்துகொண்டே போனது. உலகம் முழுக்க சுமார் 1350 சிற்றினங்கள். அதில் ஆயிரத்தை ஒட்டி ஆஸ்திரேலியாவில் மட்டும். அவர்கள் ஊரில் அதற்குப் பெயர் வாட்டில். ஆனால் ஆஸ்திரேலிய மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு முள்ளே கிடையாது. பலவற்றில் வளர்ந்தபின் இலையும் கிடையாது, இலைக்காம்பே தட்டையாகி இலை வேலையைச் செய்யும். 'இதெல்லாம் ஒரே குடும்பமா'ங்கிற சந்தேகம் வராமல் இருக்குமா? 1986ல் குயின்ஸ்லாந்துத் தாவரவியலாளர் லெஸ்லி பெட்லி, இதை மூன்றாகப் பிரிக்கலாம் என்றார். அவர் கணக்கில் ஆஸ்திரேலிய மரங்களுக்கு ரேக்கோஸ்பெர்மா என்று பெயர். அவர் நாட்டுக்காரர்களே பலர் அதை ஏற்கவில்லை.

அப்புறம் வந்தது டிஎன்ஏ. 1990களின் கடைசியிலும் 2000களிலும் நடந்த ஆய்வுகளில் விஷயம் தெளிவாகிவிட்டது. அக்கேசியா ஒரே குடும்பம் இல்லை. வாட்டில்களுக்குக் கருவேலத்தைவிட நம்ம வாகை வகையறா நெருங்கின சொந்தம்! பூவும் இலையும் பார்த்து 250 வருஷமாக ஒன்றாக வைத்திருந்தது வெறும் முகஜாடையை நம்பித்தான். ஆக, பிரிக்க வேண்டியதுதான். பெயர் யாருக்கு?

விதிப்படி பார்த்தால் சந்தேகமே இல்லை, கருவேலத்துக்குத்தான். ஆனால் அப்படிச் செய்தால் ஆயிரம் ஆஸ்திரேலிய இனங்கள் ரேக்கோஸ்பெர்மாவாக மாறணும். கருவேலம் இருக்கும் பிரிவில் 160 சொச்சம் இனங்கள்தான். அதனால் 2003ல் ஆர்ச்சர்ட், மாஸ்லின் என்ற இரு ஆஸ்திரேலியர்கள் ஒரு மனு வைத்தார்கள்: அடையாள இனத்தையே மாற்றி ஒரு ஆஸ்திரேலிய மரத்தை வைத்துவிடுங்கள், குறைந்த பெயர்கள்தான் மாறும், குழப்பம் குறையும். இதற்கு விதிகளில் இடம் உண்டு. தங்க வாட்டில் 1988லிருந்து அந்த நாட்டின் தேசிய மலர் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆப்பிரிக்கத் தாவரவியலாளர்கள் கொதித்துப் போனார்கள். குடை விரித்த மாதிரி நிற்கும் முள்மரம் இல்லாமல் ஆப்பிரிக்கப் புல்வெளியை நினைக்க முடியுமா? எண்ணிக்கை அதிகம் என்பதற்காக மூத்த பெயரைப் பிடுங்குவது என்ன நியாயம் என்று கேட்டார்கள்.

2005 ஜூலை, வியன்னா, சர்வதேசத் தாவரவியல் மாநாடு. குழுவின் பரிந்துரை ஆஸ்திரேலியாவுக்குச் சாதகம். அதை எதிர்த்து சுமார் 55 சதவீத ஓட்டு விழுந்தது. ஆனால் பரிந்துரையைத் தள்ள 60 சதவீதம் வேண்டும் என்று வைத்திருந்தார்கள். ஆக, பெரும்பான்மை எதிர்த்தும் பரிந்துரை ஜெயித்தது! நம்ம ஊர்ப் பஞ்சாயத்துத் தேர்தலில் இப்படி நடந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிச்சுப் பாருங்க. 'விதியை மாற்றுபவர்களுக்குத்தானே 60 வேணும், எதிர்ப்பவர்களுக்கு ஏன்' என்ற வாதம் ஆறு வருஷம் ஓடியது. 2011ல் அடுத்த மாநாடு. எங்கே தெரியுமா? மெல்போர்னில். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக வைத்த சமரச யோசனைகள் எடுபடவில்லை. பழைய முடிவே உறுதியானது.

சரி, கருவேலத்துக்கு என்ன பெயர் கிடைத்தது? வாசெல்லியா நிலோட்டிகா. இங்கேதான் நம்ம ஊர் உள்ளே வருகிறது. வாசெல்லியா என்ற பேரினத்தை 1834ல் உருவாக்கியவர்கள் ராபர்ட் வைட், வாக்கர் ஆர்னாட். வைட் 1819ல் சென்னை வந்த கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர். பின்னாளில் கோயம்புத்தூரில் பருத்திச் சோதனைகள் நடத்தியவர். ரங்கையா, கோவிந்து என்ற தென்னிந்திய ஓவியர்களை வைத்து ஆயிரக்கணக்கில் செடிகளை வரைய வைத்தவர். ஆனால் வாசெல்லியா என்று யார் பெயரை வைத்தார்? மக்காவில் கம்பெனிப் பாதிரியாராக இருந்து செடி சேகரித்த வேச்செல் என்பவர் பெயரை! நைல் கரையில் பெயரெடுத்த மரம், கடைசியில் ஒரு பாதிரியார் பெயரில் நிற்கிறது.

இன்னும் வேடிக்கை நீலகிரியில். அங்கே வெள்ளைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த வாட்டில், புல்வெளிகளை மூடிக்கொண்டு பெரிய தலைவலியாகிவிட்டது. மண்ணின் மரமான கருவேலம் அக்கேசியா இல்லை, குடைவேலம் இல்லை, வெள்வேலம் இல்லை. தலைக்குத் தேய்க்கும் சீயக்காயும் செனகாலியாவாகிவிட்டது. இன்றைக்கு விதிப்படி அக்கேசியா என்று நெஞ்சு நிமிர்த்தி நிற்பது, நாம் பிடுங்கியெறியப் பார்க்கும் அந்த வாட்டில்தான். மலை மக்கள் அதைச் சீகை மரம் என்கிறார்கள். இலை ஜாடையைப் பார்த்து வைத்த பெயராக இருக்கும். மில்லர் செய்ததும் அதேதானே!

எல்லாச் சண்டையும் நமக்குப் பாதகமாக முடிந்துவிடவில்லை. 2022ல் புரோசோபிஸ் பேரினத்தைப் பிரித்தார்கள். அதுவும் அக்கேசியா மாதிரியே முகஜாடையால் சேர்ந்த கூட்டம் என்று டிஎன்ஏ காட்டியது. இந்த முறை அடையாள இனம் நம்ம வன்னி மரம். பெயர் வன்னியோடேயே நின்றது. 2017ல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை வெட்டி அகற்றச் சொன்ன சீமைக்கருவேலம், நெல்துமா என்ற வேறு பெயருக்குப் போனது.

2024ல் மாட்ரிட் மாநாட்டில் இன்னொரு வாசல் திறந்தது. தென்னாப்பிரிக்கக் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் ஒரு சொல்லைத் தாங்கிய 200க்கும் மேற்பட்ட தாவரப் பெயர்களை மாற்ற ஓட்டுப் போட்டார்கள். முன்பு அக்கேசியாவாக இருந்த ஒரு மரமும் அதில் உண்டு. பெயர் வெறும் அடையாளம் மட்டும் இல்லை என்பதை அறிவியல் மாநாடே ஒப்புக்கொண்டதாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

என் கருத்து என்னன்னா, டிஎன்ஏ சொன்னதில் தகராறு இல்லை. உறவு எது, ஜாடை எது என்று பிரித்துக் காட்டியது பெரிய காரியம். ஆனால் பெயர் யாருக்கு என்பதை டிஎன்ஏ சொல்லவில்லை. அதை மனுஷங்க ஓட்டுப் போட்டுத்தான் முடிவு பண்ணினாங்க. ஆயிரம் பெயர் மாறாமல் இருப்பது வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் முள் என்று அர்த்தமுள்ள பெயரை முள்ளில்லாத கூட்டத்திடம் கொடுத்துவிட்டு, முள்ளோடு நிற்கும் மரத்தைக் கைவிட்டது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

நல்லவேளை, 'வேல்' என்ற பெயரை மாற்ற எந்த மாநாட்டுக்கும் அதிகாரம் இல்லை. கருவேல், வெள்வேல், குடைவேல் தவிர உங்க ஊர்ப் பக்கம் வேறு என்னென்ன வேல் இருக்கு? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க மக்களே.