தக்காளி பழுத்தல்

தக்காளி பழுத்தல் என்பது முழு வளர்ச்சி அடைந்த பச்சைத் தக்காளிக்காய் நிறம், மணம், சுவை, மென்மை ஆகியவற்றில் மாற்றம் பெற்றுக் கனியாகும் உயிர்வேதியியல் நிகழ்வு ஆகும். வீட்டுத் தோட்டங்களில் தக்காளி வளர்ப்போர், காய் பெருத்த பின்னரும் பல நாட்கள் பச்சையாகவே நிற்பதைக் காண்பர். இக்காத்திருப்புக் காலம் இரு பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதி காய் முதிரும் காலம். இதைச் செடியிலேயே கழிக்க வேண்டும், விரைவுபடுத்த இயலாது. இரண்டாம் பகுதி பழுக்கும் காலம். இதன் நீளத்தை வெப்பநிலையும் எத்திலீன் வளிமமும் பெரிதும் தீர்மானிக்கின்றன.

காய் முதிர்தல்

பூவில் மகரந்தச் சேர்க்கை நடந்தபின் சூலகம் பிஞ்சாகி வளரத் தொடங்குகிறது. வகையையும் காலநிலையையும் பொறுத்து, ஏறத்தாழ 35 முதல் 45 நாட்களில் காய் தன் முழு அளவை எட்டுகிறது. இலைகளில் உருவாகும் சர்க்கரை இக்காலத்தில் காய்க்குள் சேர்கிறது. அதன் ஒரு பகுதி மாவுப்பொருளாகச் சேமிக்கப்பட்டுப் பின்னர் மீண்டும் சர்க்கரையாகிறது.

முழு அளவை எட்டிய காய் முதிர்ந்துவிட்டதா என்பதைப் புறத்தோற்றத்தை மட்டும் கொண்டு அறிவது கடினம். ஒரு காயைக் கூரிய கத்தியால் குறுக்காக வெட்டிப் பார்ப்பது எளிய சோதனை. விதையறைகளில் கூழ் நிறைந்து, விதைகள் கத்திக்குச் சிக்காமல் நழுவினால் காய் முதிர்ந்துள்ளது. விதைகளும் சேர்ந்து வெட்டுப்பட்டால் அது முதிராத காய். முதிராத காயைப் பறித்து வைத்தால் அது சரிவரப் பழுக்காமல் வெம்பிப்போகும்.

பழுத்தலின் படிநிலைகள்

ஐக்கிய அமெரிக்க வேளாண்மைத் துறையின் தரப்படுத்தலில் தக்காளியின் புறநிறம் ஆறு நிலைகளாகப் பிரிக்கப்படுகிறது.

1. பச்சை - மேற்பரப்பு முழுவதும் பச்சை.
2. நிறம் உடைதல் - மேற்பரப்பில் 10 விழுக்காட்டுக்கு மேற்படாத அளவில் மஞ்சள், இளஞ்சிவப்பு அல்லது சிவப்பு தோன்றுதல்.
3. நிறம் மாறுதல் - 10 முதல் 30 விழுக்காடு.
4. இளஞ்சிவப்பு - 30 முதல் 60 விழுக்காடு.
5. வெளிர் சிவப்பு - 60 முதல் 90 விழுக்காடு.
6. சிவப்பு - 90 விழுக்காட்டுக்கு மேல்.

நிறமாற்றம் வழக்கமாகக் காம்புக்கு எதிர்ப்புறமான அடிப்பகுதியில் தொடங்கி மேல்நோக்கிப் பரவுகிறது. அரைகுறையாகப் பழுத்த காயைக் குறிக்கத் தமிழில் செங்காய் என்னும் சொல் உண்டு. நிறம் உடைந்த காய், மிதமான வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்களில் முழுச் சிவப்பாகும்.

உயிர்வேதியியல்

வாழை, மா, ஆப்பிள் ஆகியவற்றைப் போலத் தக்காளியும் பறித்த பின் பழுக்கக்கூடிய கனி ஆகும். இவ்வகைக் கனிகளில் பழுக்கும் தறுவாயில் சுவாசமும் எத்திலீன் உற்பத்தியும் திடீரென உயர்கின்றன. எத்திலீன் ஒரு தாவர வளரூக்கி. சிறிதளவு எத்திலீன் மேலும் எத்திலீன் உருவாவதைத் தூண்டுவதால், தொடங்கிய பழுத்தல் தானே விரைவடைகிறது. திராட்சை, ஆரஞ்சு போன்றவற்றில் இவ்வியல்பு இல்லை.

பழுக்கும்போது பச்சையம் சிதைகிறது. பசுங்கணிகங்கள் வண்ணக்கணிகங்களாக மாறுகின்றன. அவற்றில் லைக்கோப்பீன் என்னும் சிவப்பு நிறமியும் பீட்டா கரோட்டினும் சேர்கின்றன. உயிரணுச் சுவரில் உள்ள பெக்டினை நொதியங்கள் சிதைப்பதால் கனி மென்மையாகிறது. அமிலத்தன்மை குறைகிறது, மணம் தரும் எளிதில் ஆவியாகும் சேர்மங்கள் உருவாகின்றன. பச்சைக் காயில் உள்ள தொமாட்டின் என்னும் கசப்புப் பொருளின் அளவும் வெகுவாகக் குறைகிறது.

வெப்பநிலையின் தாக்கம்

பழுப்பதற்கு ஏற்ற வெப்பநிலை ஏறத்தாழ 20 முதல் 25 பாகை செல்சியசு. வெயில் மிகுந்தால் தக்காளி விரைவில் சிவக்கும் என்னும் எண்ணம் முழுவதும் சரியன்று. வெப்பநிலை 30 பாகையைத் தாண்டும்போது லைக்கோப்பீன் உருவாவது தடைப்படுகிறது. கரோட்டின் உருவாவது தொடர்கிறது. இதனால் கோடைக் காலத்தில் கனிகள் சிவக்காமல் மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிறத்தில் நின்றுவிடுவதுண்டு. தமிழ்நாட்டில் கத்திரி வெயில் காலத்தில் காய்க்கும் செடிகளில் இதனைக் காணலாம்.

காய் சிவக்க நேரடி வெயில் தேவையில்லை, இருட்டிலும் பழுக்கும். காய் மீது வெயில் படுவதற்காக இலைகளைக் கிள்ளிவிடுவது தீங்கானது. கடும் வெயில் நேரடியாகப் படும் இடத்தில் தோல் வெளுத்து வெந்துபோகிறது. மேலும் இலை குறைந்தால் காய்க்குச் செல்லும் சர்க்கரையும் குறைகிறது.

பறிக்கும் பருவம்

கனி முழுமையாகச் சிவக்கும்வரை செடியில் விட்டுவைப்பதில் இடர்கள் உள்ளன. பறவைகளும் அணில்களும் கொத்தலாம், கடிக்கலாம். வறட்சிக்குப் பின் திடீர் மழையோ மிகுதியான நீரோ கிடைத்தால் கனி வெடிக்கலாம். நிறம் உடைந்த காய், செடியிலிருந்து பெறவேண்டிய சர்க்கரையின் பெரும்பகுதியைப் பெற்றுவிட்டிருக்கும். எனவே இந்நிலையிலோ இதற்குப் பின்னரோ பறித்து வீட்டில் பழுக்க வைத்தால் சுவையில் பெரிய இழப்பு ஏற்படுவதில்லை. முழுப் பச்சையாகப் பறிக்கப்படும் காய் சிவந்தாலும் சர்க்கரை குறைந்தே இருக்கும். தொலைதூரச் சந்தைகளுக்குப் பச்சையாகப் பறித்து அனுப்பப்படும் தக்காளியின் சுவை குன்றுவதற்கு இது ஒரு காரணம்.

வீட்டில் பழுக்க வைத்தல்

பறித்த செங்காய்களை வெயில் படாத இடத்தில், அறை வெப்பத்தில், ஒன்றன்மேல் ஒன்று அழுத்தாமல் பரப்பி வைக்க வேண்டும். விரைவாகப் பழுக்க, பழுத்த வாழைப்பழம் ஒன்றுடன் காகிதப் பையில் இடலாம். வாழைப்பழம் வெளியிடும் எத்திலீன் பைக்குள் தங்கித் தக்காளியைத் தூண்டுகிறது. வாழைத்தாருக்குப் புகைமூட்டம் போடும் பழைய வழக்கமும் இவ்வடிப்படையிலேயே செயற்படுகிறது. புகையில் எத்திலீன் உள்ளது.

பச்சைக் காய்களையும் செங்காய்களையும் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கக் கூடாது. ஏறத்தாழ 12 பாகைக்குக் கீழ் நெடுநேரம் இருந்தால் அவை பின்னர் சீராகப் பழுப்பதில்லை. பழுத்த கனியும் குளிரில் மணத்தை இழக்கிறது. மணச் சேர்மங்களை உருவாக்கும் மரபணுக்களின் செயற்பாடு குளிரால் குன்றுவதை 2016 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

கால்சியம் கார்பைடு கல்லால் பழங்களைப் பழுக்க வைப்பது இந்தியாவில் தடை செய்யப்பட்டுள்ளது. ஈரம் பட்டதும் இக்கல் அசிட்டிலீன் வளிமத்தை வெளியிடுகிறது. இதில் ஆர்செனிக், பாசுபரசு ஆகியவற்றின் நச்சு மாசுகள் இருக்கக்கூடும். வணிக அளவில் எத்திலீன் வளிமத்தை வரையறுக்கப்பட்ட செறிவில் பயன்படுத்த அனுமதி உண்டு.

மரபியல்

பழுத்தலைத் தாமதப்படுத்தும் மரபணுத் திடீர்மாற்றங்கள் சில அறியப்பட்டுள்ளன. 1968 இல் விவரிக்கப்பட்ட ரின் என்பது அவற்றுள் ஒன்று. இருபுறமும் ரின் மரபணு பெற்ற செடியின் காய்கள் சிவப்பதில்லை. ஒருபுறம் மட்டும் பெற்ற கலப்பின வகைகள் மெதுவாகப் பழுத்து நெடுநாள் கெடாமல் இருப்பதால் வணிகத்தில் பயன்படுகின்றன. எனினும் அவற்றின் நிறமும் மணமும் குறைவு. கனி மென்மையாவதைத் தாமதப்படுத்த மரபணு மாற்றம் செய்யப்பட்ட பிளேவர் சேவர் தக்காளி 1994 இல் ஐக்கிய அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளில் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.

காம்பைச் சுற்றிய பகுதி கரும்பச்சையாக இருப்பது சில வகைகளின் இயல்பாகும். பெரியகுளத்தில் உருவாக்கப்பட்ட பி.கே.எம்.1 வகையில் இதனைக் காணலாம். காய் முழுவதும் ஒரே வெளிர்பச்சையாக இருந்து சீராகச் சிவக்கும் வகைகளை வளர்ப்பியலாளர்கள் விரும்பித் தேர்ந்தெடுத்தனர். இச்சீர்மைக்குக் காரணமான மரபணு மாற்றம் காயில் பசுங்கணிக வளர்ச்சியைக் குறைத்து, அதன் வழியாகச் சர்க்கரையையும் குறைக்கிறது என்பது 2012 இல் வெளியான ஆய்வால் தெரியவந்தது.

பழுக்காத காய்களின் பயன்

பருவ முடிவில் செடியில் எஞ்சும் பச்சைக் காய்களைக் கூட்டு, சட்னி, ஊறுகாய் ஆகியவற்றில் பயன்படுத்தலாம்.

இவற்றையும் பார்க்கவும்

தக்காளி
எத்திலீன்
லைக்கோப்பீன்
வீட்டுத் தோட்டம்