பத்துப் பிள்ளைகள் இருந்தால் ஒரு பள்ளி

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் பள்ளிக்கூடமே இல்லை, அதனால்தான் நம் சமுதாயம் பின்தங்கிப் போனது என்று மேடைகளில் அடிக்கடி பேசக் கேட்கிறோம். ஆனால் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்த்தால் வேறு ஒரு செய்தி கிடைக்கிறது. பள்ளிக்கூடம் இருந்தது. லயத்து வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே இருந்தது. கூப்பிடு தூரத்தில் பள்ளி இருந்தும் தோட்டத்துப் பிள்ளை ஏன் பால்வாளியைத் தாண்டிப் போக முடியவில்லை? நேயர்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

இந்த நாட்டில் தமிழ்க்கல்வியின் தொடக்கம் 1816ஆம் ஆண்டு என்பது பலரும் அறிந்ததே. பினாங்கு ஃபிரீ பள்ளியில் அவ்வாண்டு தமிழ் வகுப்பு தொடங்கியது. அது நகரத்துக் கதை. தோட்டத்துக் கதை ரப்பரோடுதான் சூடு பிடிக்கிறது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்ட பிறகு, கங்காணிகள் தங்கள் ஊருக்கே போய் ஆள் சேர்த்து வந்தார்கள். தனியாக வந்தவன் ஓடிவிடுவான், குடும்பத்தோடு வந்தவன் நிலைத்துவிடுவான் என்பதைத் தோட்ட நிர்வாகங்கள் நன்கு உணர்ந்திருந்தன. குடும்பம் வந்தால் பிள்ளைகளும் வருவார்கள். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் சேர்ந்த கூட்டரசு மலாய் மாநிலங்களில் 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் ஒரு பள்ளி நடத்த வேண்டும் என்றது. 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இந்தக் கடமை தொடர்ந்தது.

இது பெரிய காரியம் அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். பெரிய காரியம்தான். ஆனால் அந்தச் சட்டம் தலைகளை எண்ணியதே தவிர, அந்தத் தலைகளுக்குள் என்ன போகிறது என்று கவலைப்படவில்லை. கட்டடம் என்றால் ஆயாக்கொட்டகையின் ஒரு பக்கமாக இருக்கலாம், கோயிலை ஒட்டிய தாழ்வாரமாகவும் இருக்கலாம். ஆசிரியர் என்றால் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியாக இருக்கலாம், கணக்கு எழுதும் கிராணியாக இருக்கலாம், கை நடுங்காமல் ஓலைக் கடிதம் வாசிக்கத் தெரிந்த தொழிலாளியாகவும் இருக்கலாம். முறையான பயிற்சி பெற்றவர் கிடைப்பது அபூர்வம். பல பள்ளிகள் நான்காம் வகுப்போடு நின்றன. பாடநூல்கள் கடல் கடந்து வந்தன. பிள்ளை கண்ணால் காணாத ஊரையும் ஆற்றையும் பற்றிப் படித்தான். வாசலில் நின்ற பால்மரத்தைப் பற்றி ஒரு வரி இருக்காது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி, பிள்ளைக்கு ஒரு கூலி என்று மூன்று கூலி இருந்தது. விடியற்காலைப் பிரட்டில் அப்பா அம்மாவோடு பிள்ளையும் நின்றான். மரத்தடியில் பாலைச் சேர்த்தான், ஒட்டுப்பால் பொறுக்கினான். பிற்பகலில்தான் பல இடங்களில் வகுப்பு. காலை முழுதும் காட்டில் நின்ற பிள்ளை பிற்பகலில் பலகையைப் பார்த்தால் தூக்கம்தான் வரும். பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று சொல்வது எளிது. அந்தப் பிள்ளையின் காசு வீட்டுச் செலவில் சேர்ந்துதான் மாதம் ஓடியது என்பதை மறந்துவிடக் கூடாது.

அக்காலத்தில் இந்நாட்டுக் கல்வி நான்கு வழியாகப் பிரிந்து கிடந்தது. கம்பத்து மலாய்ப் பிள்ளைக்கு அரசாங்கம் தாய்மொழித் தொடக்கப்பள்ளியை நடத்தியது. சீனர்கள் தங்கள் சங்கங்களையும் வணிகர்களையும் கொண்டு தாங்களே பள்ளிகளை எழுப்பினார்கள். பட்டணத்தில் வசதி உள்ளவர்களுக்கு ஆங்கிலப்பள்ளி. தோட்டத் தமிழனின் பள்ளி மட்டும் முதலாளியின் கையில் இருந்தது. அரசாங்கம் ஒரு சிறு உதவித்தொகை கொடுத்ததோடு சரி. தொழிலாளியின் பிள்ளை தொழிலாளியாகவே இருக்க வேண்டும் என்று விரும்பியவரிடமே அவன் படிப்பையும் ஒப்படைத்தால் என்ன ஆகும்? பள்ளி நடக்கும், படிப்பு நடக்காது.

போருக்குப் பின் நிலைமை மாறத் தொடங்கியது. 1951ஆம் ஆண்டின் பார்ன்ஸ் அறிக்கை தாய்மொழிப் பள்ளிகளுக்குப் பதிலாக மலாய், ஆங்கிலத் தேசியப் பள்ளிகளைப் பரிந்துரைத்தபோது தமிழரும் சீனரும் எதிர்த்தனர். 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கை தமிழ்ப்பள்ளிகளைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டு வந்தது. பொதுப் பாடத்திட்டம் வந்தது, ஆசிரியருக்கு அரசாங்கச் சம்பளம் வந்தது. இவை சிறிய வெற்றிகள் அல்ல.

ஆனால் காலடியில் இருந்த நிலம் மாறவில்லை. பள்ளி நின்ற இடம் தோட்டத்துக்குச் சொந்தம். அரசு நிலத்தில் நின்ற பள்ளி முழு உதவி பெற்றது. பிறர் நிலத்தில் நின்ற பள்ளி பகுதி உதவிதான் பெற்றது. பகுதி உதவி என்றால் ஆசிரியர் சம்பளம் கிடைக்கும். கட்டடத்துக்கோ கையேந்த வேண்டும். கூரை ஒழுகினால் துரையிடம் போக வேண்டும், துரை கைவிரித்தால் பெற்றோர் பலகை வாங்கிப் போட வேண்டும். ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு. ஆனால் ஒரு பிள்ளை கல் கட்டடத்தில், இன்னொரு பிள்ளை கறையான் அரித்த பலகைக் கொட்டகையில். இந்த வேறுபாட்டைத் தீர்மானித்தது பிள்ளையின் அறிவு அல்ல, ஒரு நிலப்பட்டா. நம் கல்வி வரலாற்றை எழுதுகிறவர்கள் மொழிச் சிக்கலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். இந்தப் பட்டாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதலாம்.

ஐம்பதுகளின் பிற்பகுதியில் ஆங்கிலேயக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாகக் கூறு போட்டு விற்றார்கள். தொழிலாளி வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்தான். இதைத் தடுக்கத்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் துண்டானபோது பள்ளிக்கும் ஆபத்து வந்தது. பிள்ளைகள் போய்விட்டால் பள்ளி எதற்கு?

நானும் அப்படி ஒரு தோட்டப் பள்ளியில் படித்தவன்தான். ஒரே கூடத்தில் மூன்று வகுப்புகள். முதலாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்லும், இரண்டாம் வகுப்பு அதைக் கேட்டுக்கொண்டே சொல்வதெழுதும். ஆசிரியர் நல்ல மனிதர். மூன்று வகுப்புக்கும் ஒரே தொண்டை. ஆறாம் வகுப்பு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது, எங்களைப் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் உட்கார வைத்தார்கள். மொழி பழகுவதற்கான வருடம் என்றார்கள். தோட்டத்திலிருந்து பஸ் பிடித்துப் போன பலர் அந்த வருடத்தைத் தாண்டவில்லை.

எண்ணிக்கைக்கு வருவோம். 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன, மாணவர்கள் 50,000க்குச் சற்று மேல். வகுத்துப் பாருங்கள், பள்ளிக்குச் சராசரி 57 பிள்ளைகள். அரை நூற்றாண்டு கழித்துப் பள்ளிகள் 523 ஆகக் குறைந்தன. மாணவர்களோ ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது, மக்கள் பட்டணத்து ஓரங்களுக்குப் போனார்கள். பட்டணத்துத் தமிழ்ப்பள்ளியில் இடநெருக்கடி, தோட்டத்துப் பள்ளியில் நாற்காலிகள் காலி. மாணவர் எண்ணிக்கை பின்னர் 80,000 அளவுக்கு இறங்கியது. இன்று தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கும் மேற்பட்டவை 150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்டவை. மாணவர் மிகக் குறைந்த பள்ளியில் இரண்டு வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் முறை இன்றும் இருக்கிறது. தொடக்கக்கல்வி 2003 முதல் கட்டாயமாக்கப்பட்டது. பிள்ளையைப் பதியாத பெற்றோருக்கு அபராதமும் சிறையும் உண்டு. சட்டம் மறுபடியும் தலையைத்தான் எண்ணுகிறது.

பள்ளியை மூட வேண்டாம், உரிமத்தை மக்கள் வாழும் இடத்துக்கு மாற்றுங்கள் என்பது நம்மவர்களின் கோரிக்கை. பல பள்ளிகள் அப்படி இடம் மாறியும் இருக்கின்றன. நியாயமான கோரிக்கைதான், நானும் ஆதரிக்கிறேன். ஆனால் பள்ளிகளின் எண்ணிக்கையைக் காப்பாற்றுவது வேறு, பிள்ளைகளைக் காப்பாற்றுவது வேறு. தோட்டத்தை விட்டுப் போக முடிந்தவன் போய்விட்டான். போக வழியில்லாதவன்தான் அங்கே மிஞ்சியிருக்கிறான். பள்ளி போனால் அவன் பிள்ளை என்ன செய்வான்?

நான் படித்த பள்ளியும் இடம் மாறியது. புதிய கட்டடம் அழகாக இருக்கிறது, கணினி அறைகூட உண்டு. திறப்பு விழாவுக்கு அழைத்திருந்தார்கள், போயிருந்தேன். திரும்பும் வழியில் பழைய தோட்டத்தில் காரை நிறுத்தினேன். லயத்தில் நான்கு குடும்பங்கள் மிஞ்சியிருந்தன. வாசலில் ஒரு சிறுவன் நின்றான். பள்ளிக்கு எப்படிப் போகிறான் என்று அவன் பாட்டியிடம் கேட்டேன். வேன் வரும் என்றார். வேன்காசு கட்ட முடிந்த மாதம் வரும், கட்ட முடியாத மாதம் வராது என்றார்.